எடுத்த திருப்பணி முடிக்கும் நெறி



குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால், அந்த நாள் எவருக்காகவும் காத்திராது. சிற்பியார் நோயுற்றுப் படுக்கலாம்; கல் ஏற்றி வந்த வண்டி வழியில் நின்றுவிடலாம்; எதிர்பாராத மழை பத்து நாள் விடாது பெய்யலாம்; பெருந்தொகை தருவதாக வாக்களித்தவர் கைவிரித்துவிடலாம். எனினும் முகூர்த்தம் முகூர்த்தமே. ஊர்தோறும் அழைப்பிதழ் சென்ற பின்னர், யாகசாலையில் அக்கினி வளர்த்த பின்னர், கோபுரத்தில் வர்ணம் உலரவில்லை என்று கூறி நாளைத் தள்ளிவைத்தல் ஆகுமா? ஆகாது. ஆகவே திருப்பணியை மேற்கொண்டவர், அந்த நாளுக்கு முதல்நாள் எது முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னர் எது முடிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ணிவரக் கடமைப்பட்டவர் ஆகிறார். பின்னோக்கி எண்ணும் இந்தப் பழக்கமே ஒரு பெருங்கலையின் அரிச்சுவடி.

அந்தக் கலைக்கு இன்றைய உலகம் திட்ட மேலாண்மை என்று பெயரிட்டிருக்கிறது. கல்லூரிகளில் அதற்கெனப் பாடமும் பட்டமும் உண்டு. ஆயினும் அதன் பொருள் அரியதன்று. கோயிலில் நிகழும் காரியங்களைக் கொண்டே அதனை விளக்கிவிடலாம். நித்திய பூசை நாள்தோறும் நடப்பது. நேற்றுப் போலவே இன்றும், இன்று போலவே நாளையும் நடக்க வேண்டுவது. அதற்கு முடிவு என்பது இல்லை. திருப்பணியோ ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிய வேண்டுவது. இவ்வாறு தொடக்கமும் முடிவும் உடைய ஒரு தனிக்காரியத்தை, குறித்த காலத்தில், குறித்த பொருளில், குறித்த தரத்தில் முடித்துத் தருவதே திட்ட மேலாண்மையாகும். காலம், பொருள், தரம் என்னும் மூன்றும் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும். நாளைக் குறைத்தால் ஆளும் செலவும் கூடும். செலவைக் குறைத்தால் நாள் நீளும், அல்லது தரம் குன்றும். இம்மூன்றையும் ஒருசேர நோக்கும் கண்ணே இக்கலையைக் கற்பவர் பெற வேண்டிய முதற்கண்.

தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. திருக்குறளின் பொருட்பாலில் 47-ஆம் அதிகாரம் முதல் 52-ஆம் அதிகாரம் வரை உள்ள வரிசையைச் சற்றே நோக்குதல் வேண்டும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அவ்வரிசை அமைந்துள்ளது. முதலில் செய்யத்தக்கது இது என ஆராய்தல். அடுத்துத் தன் வலிமையையும் பணியின் பளுவையும் எடைபோடுதல். பின்னர்க் காலமும் இடமும் தேர்தல். அதன் பின்னர் ஆளை ஆராய்ந்து தெளிதல். இறுதியில் அவரவர்க்கு உரிய பணியை ஒப்படைத்தல். ஆளைத் தேர்வது நான்கு ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே வருகிறது. வினைசெயல்வகை என்னும் 68-ஆம் அதிகாரமோ, வேண்டும் பொருள், ஏற்ற கருவி, உரிய காலம், செய்யும் வினை, தகுந்த இடம் என ஐந்தையும் ஐயமற ஆராய்ந்து செய்யுமாறு அறிவுறுத்துகிறது. இக்காலத்துத் திட்ட நூல்கள் விரித்துரைப்பனவற்றின் வித்து அங்கே கிடக்கிறது.

வித்தை அறிதல் ஒன்று. விளைவித்துப் பார்த்தல் மற்றொன்று. நெறிகள் எவ்வாறு செயலாகின்றன என்பதைக் காண ஒரு பெரிய நிகழ்ச்சி வேண்டும். கோயில் ஒன்றைக் காப்பதற்காகவே பல நாடுகள் ஒன்றுகூடிய வரலாறு இருபதாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் நிகழ்ந்தது. இந்த அவைக்கு அதனினும் பொருத்தமான சான்று வேறொன்று கிடைத்தல் அரிது.

எகிப்தின் தென்கோடியில், நூபியா என்னும் பகுதியில், நைல் நதியின் மேற்குக் கரையில் அபு சிம்பல் என்னும் ஊர் உள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1,250 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டாம் இராம்சேஸ் என்னும் மன்னன் அங்கே மணற்பாறை மலையைக் குடைந்து இரண்டு கோயில்களை அமைத்தான். பெரிய கோயிலின் முகப்பில் அவ்வரசனின் நான்கு உருவங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில், வீற்றிருக்கும் கோலத்தில் செதுக்கப்பட்டன. உள்ளே 60 மீட்டருக்கு மேல் மலைக்குள் செல்லும் மண்டபங்கள். அவற்றின் முடிவில் நான்கு திருவுருவங்கள் அமர்ந்த கருவறை. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், உதயசூரியனின் கதிர் வாயில் வழியே புகுந்து அக்கருவறையைத் தொடும். நான்கில் மூன்று உருவங்கள் ஒளி பெறும். இருளோடு தொடர்புடைய தெய்வமாகிய ப்தா மட்டும் நிழலிலேயே இருக்கும்.

1960-ஆம் ஆண்டு சனவரியில் அஸ்வான் நகருக்கு அருகே உயரணை கட்டும் வேலை தொடங்கியது. அணை எழுந்தால் நூபியாவின் பள்ளத்தாக்கு முழுவதும் பெரிய ஏரியாகும். அபு சிம்பல் நீருக்குள் மறையும். 1960 மார்ச் 8-ஆம் நாள் யுனெஸ்கோ உலக நாடுகளை நோக்கி உதவி வேண்டி அழைப்பு விடுத்தது. நூபியாவில் அகழாய்வு செய்யப் பல நாட்டு அறிஞர்கள் சென்றனர்; இந்தியாவிலிருந்தும் பி. பி. லால் தலைமையில் ஒரு குழு 1961-62-இல் சென்று ஆய்வு நடத்தியது. ஆனால் மலையைக் குடைந்து செய்த கோயிலை எப்படிக் காப்பது? ஆற்றுக்கு முகூர்த்தமும் தெரியாது, தவணையும் தெரியாது. அணை உயர உயர நீரும் ஏறியே தீரும்.

இங்கேதான் முதல் நெறி வெளிப்படுகிறது. பணியைத் தொடங்குமுன், எதைக் காக்கப் போகிறோம், எந்த அளவு செய்யப் போகிறோம் என்பதை வரையறுக்க வேண்டும் என்பதே அந்நெறி. அபு சிம்பலைக் காக்கப் பல யோசனைகள் வந்தன. கோயிலைச் சுற்றி நிலையான ஓர் அணை கட்டிவிடலாம் என்றது ஒன்று. அவ்வாறு செய்தால் அணைக்குள் கசியும் நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; செலவுக்கு முடிவே இராது. மலையோடு கோயிலை ஒரே பாளமாக அறுத்து, நீரழுத்தப் பொறிகளைக் கொண்டு அங்குலம் அங்குலமாக மேலே தூக்கிவிடலாம் என்றது மற்றொன்று. இத்தாலியப் பொறியாளர்களின் இந்த அரிய யோசனை முதலில் ஏற்கவும் பட்டது. ஆனால் அதற்கு வேண்டிய பெருநிதி சேரவில்லை, ஆகவே கைவிடப்பட்டது. இறுதியில், 1963-இல், கோயிலைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தும் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர்களின் யோசனை தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறந்தது எது என்னும் வினாவோடு, கையில் உள்ள பொருளாலும் காலத்தாலும் முடியத்தக்கது எது என்னும் வினாவும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும் என்பதை இத்தேர்வு உணர்த்துகிறது.

இரண்டாவது நெறி, தாமதத்தின் விலையை அறிதல். ஆலோசனையிலேயே மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1964-இல் வேலை தொடங்கியபோது, நீர் ஏறுவதற்குள் கோயிலை அறுத்து முடிக்கக் காலம் போதாது என்பது தெளிவாயிற்று. ஆகவே முதல் வேலை கோயிலில் நிகழவில்லை, ஆற்றில் நிகழ்ந்தது. கோயில்களுக்கு முன்னே எஃகுத் தகடுகளை நட்டு, கல்லும் மணலும் நிரப்பி, தற்காலிகமான ஓர் அணை எழுப்பப்பட்டது. பின்னாளில் ஏரிக்குள் மூழ்கிப் போவதற்கென்றே கட்டப்பட்ட அணை அது. கோயிலுக்கு அதனால் ஓர் அழகும் கூடவில்லை. ஆயினும் அது தந்த பொருள் ஒன்றுண்டு, அதுவே காலம். முடிவெடுப்பதில் இழந்த நாட்களைப் பணத்தாலும் உழைப்பாலும் திரும்ப வாங்க நேர்ந்தது.

மூன்றாவது நெறி, இடையூற்றை முன்னரே எண்ணுதல். கோயிலுக்கு மேலிருந்த மலையை அகற்றும்போது கல் சரிந்து முகப்பில் விழுந்தால் என்ன ஆகும்? விழுந்த பிறகு வருந்திப் பயனில்லை. ஆகவே முகப்பு முழுவதையும் மணலைக் கொட்டி மூடினர். விழும் கல் மணலில் விழும். சிற்பத்தின் முகத்தில் விழாது. உள்ளே கூரை தளர்ந்து இறங்காதவாறு எஃகுச் சாரம் கட்டித் தாங்கினர். மேல்மலையைப் பெயர்க்கவும் வெடிமருந்தைக் கையாளவில்லை. அதிர்ச்சி கோயிலைப் பிளக்கும் என்று அஞ்சிப் பொறிகளாலேயே பெயர்த்தனர். அச்சத்தைப் பட்டியலிட்டு, ஒவ்வோர் அச்சத்திற்கும் எதிரே ஒரு காவலை எழுதிவைத்தல் திட்டக்கலையின் பெரும்பகுதி. அஞ்ச வேண்டுவதற்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழில் அன்றோ?

நான்காவது நெறி, பெரும்பணியைச் சிறுபணிகளாகப் பகுத்தல். இரு கோயில்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பட்டன. சில பாளங்கள் 30 டன் வரை எடை உடையன. ஒவ்வொரு பாளத்திற்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் வரைபடத்தில் ஓர் இடம். எடுத்த பாளம் காத்திருப்பதற்கு என ஒரு தனி முற்றம். ஆயிரம் பாளங்களும் ஒன்றோடொன்று மயங்காமல் தத்தம் இடம் சேர்ந்தமைக்கு இந்த எண்ணே காரணம். மலைபோல் தோன்றும் வேலையைக் கண்டு மலைப்பவர், அதனைத் தூக்கத்தக்க அளவினவாகப் பகுத்துப் பார்க்கக் கற்க வேண்டும்.

ஐந்தாவது நெறி, தரத்தை அளவால் குறித்தல். நன்றாகச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னால், ஒவ்வொருவரும் தாம் நன்று எனக் கருதுவதைச் செய்வர். அபு சிம்பலில் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அறுப்பின் அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தனர். பின்புறத்தைப் பொறிவாளால் அறுத்தவர்கள், முன்புறத்தைக் கைவாளால் அறுத்தனர். அதற்கென இத்தாலியின் கராரா ஊரிலிருந்து பளிங்கு அறுப்பதில் கைதேர்ந்த தொழிலாளர் வந்தனர். மற்றொன்றும் குறிக்கத்தக்கது. முகப்பின் நான்கு உருவங்களுள் ஒன்று பழங்காலத்திலேயே உடைந்து, அதன் மேற்பகுதி தரையில் விழுந்து கிடந்தது. கோயிலைப் புதிய இடத்தில் அமைத்தவர்கள் அதனை ஒட்டி நிறுத்தி அழகுபடுத்தவில்லை; விழுந்து கிடந்தபடியே காலடியில் கிடத்தினர். காப்பதே மேற்கொண்ட பணி. திருத்துவது மேற்கொண்ட பணி அன்று. பழங்கோயில்களில் மணலைப் பாய்ச்சிக் கல்லைத் தேய்ப்பதும், கல்வெட்டின்மீது வர்ணம் பூசுவதும் அன்பினால் செய்யப்படினும் அழிவே ஆகும் என்பதை இந்த உடைந்த சிலை வாய்திறவாமல் உரைக்கிறது.

இவ்வாறு மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்வீடன், எகிப்து ஆகிய ஐந்து நாடுகளின் நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து உழைத்தன. ஏறத்தாழ 4 கோடி அமெரிக்க டாலர் செலவாயிற்று. ஏறத்தாழ ஐம்பது நாடுகள் நன்கொடை வழங்கின. பழைய இடத்திற்கு மேலே 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உள்ளே, கோயில்கள் மீண்டும் எழுந்தன. அவற்றின்மேல் கான்கிரீட்டால் குவிமாடம் அமைத்து, அதன்மேல் செயற்கை மலையும் எழுப்பினர். 1968 செப்டம்பர் 22-ஆம் நாள் விழா நடந்தது. பிப்ரவரியிலும் அக்டோபரிலும் கதிரவன் முன்போலவே கருவறையைத் தொடுகிறான். திசையைக் கணித்தவர்களின் கணக்குக்கு அக்கதிரே சான்று.

ஆயினும் இந்த வெற்றியின் அருகே ஒரு வேதனையும் நிற்கிறது. அதனை மறைத்துப் பேசுதல் முறையாகாது. அணையின் ஏரி, கோயிலை மட்டும் அச்சுறுத்தவில்லை. நூபிய மக்களின் ஊர்களையும் விழுங்கியது. எகிப்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் 1963-64-இல் தங்கள் ஊர்களை விட்டுக் கோம் ஓம்போ பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக நைல் கரையில் வாழ்ந்தவர்கள் நதியை விட்டு விலகிய இடங்களில் வாழ நேர்ந்தது. கோயில் சுவரின் ஒவ்வொரு பாளமும் தன் இடத்திற்குத் தவறாமல் திரும்பிற்று. ஓர் ஊரின் தெருவும் தோப்பும் கல்லறையும் அவ்வாறு திரும்பவில்லை. பட்டியலில் எழுதப்பட்டது காக்கப்படும், எழுதப்படாதது இழக்கப்படும். ஆகவே பட்டியல் எழுதுபவரின் கையில் பெரிய அறம் தங்கியிருக்கிறது. திருப்பணிக்காக வீதியை அடைக்கும்போது பூக்காரியின் கடை எங்கே போகும், சாரத்தின் உச்சியில் நிற்கும் தொழிலாளியின் இடுப்பில் கயிறு உண்டா என்பனவும் பட்டியலில் இடம்பெற வேண்டியவையே.

இனி, இந்நெறிகளைக் கற்பது எவ்வாறு? மூன்று கருவிகளைப் பழகினால் போதும்; எளிய கணக்கு அறிந்த எவரும் அவற்றைக் கையாளலாம்.

முதற்கருவி காலப்பட்டை. ஹென்றி கான்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1910-களில் இதனைப் பரப்பினார். அவருக்கு முன்னரே 1896-இல் போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடமியேக்கி இதனையொத்த படம் ஒன்றை வகுத்திருந்தார். தாளின் இடப்பக்கம் பணிகளின் பெயர், மேற்புறம் நாட்கள், ஒவ்வொரு பணிக்கும் அது தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை ஒரு பட்டை. கோயில் அலுவலகச் சுவரில் இப்படம் ஒன்று தொங்கினால், இன்று எது நடக்க வேண்டும் என்பதைக் காவலாளியும் அறிவார்.

இரண்டாவது கருவி, எந்தப் பணி எந்தப் பணிக்காகக் காத்திருக்கிறது என்பதைக் காட்டும் சங்கிலி. 1957-இல் அமெரிக்காவின் டூ பான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் இதனை ஒரு முறையாக வகுத்தனர். கிரிட்டிகல் பாத் என்பது அதன் பெயர். ஓர் எடுத்துக்காட்டால் அது விளங்கும். ஒரு சிற்றூர்க் கோயிலில் பாலாலயம் முடிந்து கோபுர வேலை தொடங்குகிறது எனக் கொள்க. சாரம் கட்ட 15 நாள். சுதை வேலைக்கு 60 நாள். அது உலர 15 நாள். வர்ணம் தீட்ட 40 நாள். சாரம் பிரிக்க 5 நாள். சாரம் நின்ற இடத்தில் கல்தளம் பாவ 10 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க முடியும். ஆகமொத்தம் 145 நாள். கலசத்திற்குப் பொன்முலாம் பூச 45 நாள் வேண்டும். ஆனால் சாரம் பிரிக்கும் வேளைக்குள், அதாவது 130-ஆம் நாளுக்குள், அது வந்தால் போதும். ஆகவே 85 நாள் கழித்து அதனைத் தொடங்கினாலும் குறையில்லை. மடைப்பள்ளியைப் பழுதுபார்க்க 30 நாள்; அதனை இடையில் எப்போது செய்தாலும் ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. சுதை வேலை ஒரு நாள் தாமதித்தால் குடமுழுக்குக்கு ஒரு நாள் குறைகிறது. மடைப்பள்ளி இருபது நாள் தாமதித்தாலும் ஒன்றும் கெடுவதில்லை. ஆகவே எல்லாரையும் எப்போதும் விரட்டுவது வீண். பொன்முலாம் பூசுபவரை இரவு பகலாக அலைக்கழித்து முப்பது நாளில் கலசம் பெற்றாலும், சுதை உலரும் வரை அது பெட்டியில் கிடக்கும். மிகைக்கூலி கொடுத்ததுதான் மிச்சம். எந்தச் சங்கிலி நீண்டதோ அதன்மேல் கண் வைத்தல் வேண்டும். தலைமைப் பொறுப்பில் உள்ளவரின் கவலை, வேண்டிய இடத்தில் மட்டும் செலவாகும் நாணயம்போல் இருத்தல் நன்று.

மூன்றாவது கருவி, ஐயத்தையும் கணக்கில் சேர்த்தல். 1958-இல் அமெரிக்கக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் பெர்ட் என்னும் முறையை உருவாக்கினர். அம்முறையில் ஒரு பணிக்கு ஒரே காலவளவைக் கேட்பதில்லை, மூன்றைக் கேட்பர். குவாரியிலிருந்து கல் வந்துசேர எத்தனை நாள் ஆகும்? எல்லாம் கூடிவந்தால் 20 நாள். வழக்கம்போல் நடந்தால் 30 நாள். இடையூறு நேர்ந்தால் 70 நாள். நடுவெண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 20, 120, 70 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 210; ஆறால் வகுத்தால் 35 நாள். முப்பது நாள் என்று நம்பி ஏமாறாமல், எழுபது நாள் என்று அஞ்சி முடங்காமல், முப்பத்தைந்து என்று வைத்துத் திட்டமிடலாம். பெரும்பாலான பணிகள் கெடுவது, கூடிவந்தால் ஆகும் நாளையே வழக்கமான நாளாக எழுதிக்கொள்வதால்தான்.

கருவிகள் எத்தனை இருப்பினும் அவற்றைக் கையாளுபவர் மனிதரே. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்பட்ட பணியை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெயர் வேண்டும். இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலினும் சிறந்த சான்று இல்லை. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், அதாவது கி.பி. 1010-இல், அக்கோயிலின் விமானத்திற்குப் பொன்வேய்ந்த செப்புக்குடம் அளித்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஆண்டு மட்டுமன்றி நாளும் குறிக்கப்பட்டிருத்தல் காண்க. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் கட்டடக் கலைஞரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலில் பணிபுரிய அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெருவும் மனையும் உட்பட, ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. கணக்கர், தச்சர் முதலிய பிற பணியாளரும் விடப்படவில்லை. இன்னார்க்கு இவ்வளவு நெல் என்பதும், ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்து அப்பணி யாரைச் சேரும் என்பதும் வகுக்கப்பட்டுள்ளன. அரசன் எழுப்பியது கல்லை மட்டுமா? பொறுப்பையும் சேர்த்தே எழுப்பினான்.

நடைமுறையில் திருப்பணிக் குழுவினர் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும். ஒன்று, வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் கூடிக் கணக்குப் பார்த்தல். அப்போது பணி எந்த நிலையில் உள்ளது என்னும் வினாவுக்கு, பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது விடையாகாது. தெற்குப் பக்கத்துச் சுதை முடிந்தது, வடக்குப் பக்கம் தொடங்கவில்லை என்பதே விடை. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவரைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால், அடுத்த கெட்ட செய்தி முகூர்த்தத்திற்கு முதல்நாள் இரவுதான் வந்துசேரும்.

மற்றொன்று, இடையில் வரும் விருப்பங்களை அளந்து ஏற்றல். பணி பாதி நடக்கும்போது ஓர் உபயதாரர் வந்து, ஒரு மண்டபமும் சேர்த்துக் கட்டிவிடலாம், செலவு என்னுடையது என்பார். அன்பர்தம் விருப்பத்தை மறுக்க மனம் வராது. ஆனால் செலவு அவருடையதாயினும் காலம் அவருடையதன்று. மண்டபத்தைக் கட்டச் சிற்பியும் கொத்தனாரும் எங்கிருந்து வருவர்? கோபுரத்திலிருந்துதான் இறங்கி வருவர். ஆகவே இதனால் எத்தனை நாள் கூடும், எவ்வளவு பொருள் கூடும், நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அசையும் என்று மூன்றையும் எழுதிப் பார்த்துக் குழுவினர் ஒருங்கே முடிவு செய்ய வேண்டும். மறுக்க நேர்ந்தால், குடமுழுக்குக்குப் பின்னர் அதனையே தனித் திருப்பணியாக மேற்கொள்ளலாம் என்று இன்சொல்லால் உரைக்கலாம்.

இக்கலையைப் பயில விரும்பும் இளைஞர் பெரிய பணிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஊர்த்திருவிழாவில் ஒரு நாள் அன்னதானத்தை ஏற்று நடத்தட்டும். எத்தனை பேர் உண்பர், எத்தனை அடுப்பு வேண்டும், காய் நறுக்குவது எந்த வேளையில் முடிந்தால் சாம்பார் எந்த வேளையில் இறங்கும், இலை எடுப்பவர் யார், மிச்சத்தை என்ன செய்வது என்று முதல்நாள் எழுதி வைக்கட்டும். மறுநாள் நடந்ததை அதன் அருகே எழுதட்டும். எண்ணியதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே சிறந்த ஆசிரியர். அந்த ஆசிரியரிடம் நாலைந்து முறை பாடம் கேட்டவர் கோபுரத் திருப்பணிக்குத் தகுதி பெறுவார்.

நிறைவாக ஒன்று. திருப்பணி எப்போது முடிகிறது? கலசத்தில் புனிதநீர் விழுந்தவுடன் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுவர். மண்டலாபிஷேகத்தின் 48 நாட்களும் கழிந்து, கடைசிக் கூலி கொடுக்கப்பட்டு, வரவு செலவு அன்பர் முன் வைக்கப்பட்டு, கோயில் அன்றாடம் பேணுவோர் கையில் முறையாக ஒப்படைக்கப்பட்டபோதே அது முடிகிறது. அந்த ஒப்படைப்பில் ஓர் ஏடும் சேர வேண்டும். எந்தக் குவாரியின் கல், எந்த விகிதத்தில் சுண்ணாம்பு, எந்தச் சுவரில் நீர் கசிந்தது, எதற்கு எண்ணியது எத்தனை நாள், ஆனது எத்தனை நாள், எங்கே வழுக்கி விழ இருந்தது, யார் கைகொடுத்துத் தாங்கினார் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது மரபு. இன்று குழுவில் இருப்போருள் பலர் அன்று இல்லாமலும் போகலாம். கோபுர இடுக்கில் ஓர் ஆலஞ்செடி மீண்டும் முளைத்திருக்கும். சாரம் கட்ட மூங்கில் வந்து இறங்கும். அப்போது கோயில் அலமாரியிலிருந்து அந்த ஏட்டை எடுத்து ஒருவர் விளக்கருகே விரித்துப் படிப்பார். அவருக்கு வேலை அன்றே பாதி எளிதாகிவிடும்.